பக்கத்து வீட்டுக்காரர் சொல்லாதது

மதியம் நான் படுத்தால் இன்றும் என் மனைவி ஜன்னல்களைச் சாத்திவிடுகிறாள். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகு காலமாகிறது. இரவு விழித்துவிட்டுப் பகலில் தூங்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் அவள் மிக்ஸியைத் தொடமாட்டாள், ரேடியோவை நிறுத்திவிடுவாள். அந்த அமைதியில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஏன் வருவதில்லை என்பதை இப்போதாவது எழுதிவிட வேண்டும்.

தொண்ணூறுகளில் நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸில் இருந்தோம். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் திருநெல்வேலிக்காரர் ஒருவரின் குடும்பம். என்னைவிடச் சிறியவர், என்னைப் போலவே சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. எங்கள் தெருவில் காலை பத்து மணிக்கு ஒரு வீட்டின் முன் ஜன்னல் சாத்தியிருந்தால், நைட் ஷிப்ட் முடித்தவர் உள்ளே தூங்குகிறார் என்று பொருள். கீரைக்காரி அந்த வீட்டைத் தாண்டிய பிறகுதான் குரல் கொடுப்பாள். யார் வீட்டுச் சத்தத்தால் தூக்கம் கெட்டாலும் ஒருவரும் கதவைத் தட்டிச் சண்டைக்குப் போகமாட்டார்கள். ஷிப்ட் பஸ்ஸில் அந்த வீட்டு ஆணிடம் மெதுவாகச் சொல்வார்கள். அவர் வந்து மனைவியிடம் சொல்வார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. பஸ்ஸில் உண்மையில் என்ன பேசினார்கள் என்று எந்தப் பெண்ணும் விசாரித்ததில்லை.

என் மனைவி வயலின் வாசிப்பாள். பண்ருட்டியில் அவள் பிறந்த வீட்டில் எல்லோருக்கும் தேவாலயப் பாடகர் குழுதான் உலகம். டவுன்ஷிப் ஆலயத்திலும் ஆர்மோனியத்துக்குப் பக்கத்து நாற்காலி அவளுடையது. சபையில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது. 'வயலின் அம்மா வூட்டுக்காரர்' என்றால்தான் தெரியும். எனக்கு அதில் பெருமைதான்.

ஒரு மழைக்காலத்தில், பின்பக்கம் துவைக்கிற கல்லருகே வழுக்கி, இடது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது கை குச்சியாக இருந்தது. உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பவில்லை. அது முகத்தைப் பார்க்கத் திரும்பினால்தான் வயலினின் கழுத்தைப் பிடிக்க முடியும்.

"தினமும் வாசிங்கம்மா, அதான் மருந்து," என்றார் டாக்டர். "வலிக்கும். நாலஞ்சு மாசம் விடாம வாசிச்சா திரும்பிடும். விட்டீங்கன்னா இப்படியே நின்னுடும்."

"ஈஸ்டருக்கு வாசிக்கலாங்களா?"

"எந்த வருஷத்து ஈஸ்டர்னு நீங்க சொல்லலையே," என்று சிரித்தார். அவளும் சிரித்தாள்.

மறுநாளே ஆரம்பித்தாள். சமையலை முடித்துவிட்டு, எப்போதும் வாசிக்கிற பத்து மணிக்கு; அதைக் கேட்டபடி தூங்கி எனக்கும் பழக்கம்தான். ஒரே சுர வரிசை. கீழிருந்து ஏறும், நாலாவது சுரத்தில் விரல் எட்டாமல் சறுக்கும். திரும்பக் கீழிருந்து. நைட் ஷிப்ட் முடித்து நான் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு கிடப்பேன். சத்தம் பெரிதில்லை. அதைவிடப் பெரிய சத்தத்தில் தூங்கியிருக்கிறேன். அவ்வளவு நன்றாக வாசித்த கை இப்படித் தடவுவதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. நிறுத்து என்று சொல்லவும் மனமில்லை. நல்ல கணவன் என்ற பெயரும் எனக்கு வேண்டியிருந்தது.

"பக்கத்து வூட்டுத் தம்பி பஸ்ஸுல சொல்லிச்சு. காலைல தூங்க முடியலையாம்," என்றேன். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

அவள் முகம் சிறுத்துவிட்டது. "பாவம், எத்தினி நாளா பொறுத்துக்கினு இருந்துச்சோ."

அன்று மாலையே பண்ருட்டியிலிருந்து வந்திருந்த முந்திரிப்பருப்பை ஒரு கிண்ணத்தில் போட்டு அவர்கள் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் கிண்ணம் முறுக்கோடு திரும்பி வந்தது. "கோவம் இல்லபோல," என்று என்னிடம் காட்டினாள். நானும் அதில் ஒன்றை எடுத்துத் தின்றேன்.

பிறகு வயலினில் தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் துணிக் கிளிப்பை மாட்டி வாசித்தாள். கொசு ரீங்காரம் அளவுக்குச் சத்தம் இறங்கியது. ஆனால் நாலாவது சுரத்தில் அதே சறுக்கல். நான்கு நாள் பொறுத்தேன்.

"இன்னும் கேக்குதாம்."

"கிளிப்பு போட்டுமா?"

"செவுரு மெல்லிசு இல்ல?"

அதன்பின் வில்லை எடுக்கவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து வெறும் விரல்களைத் தந்தியில் அழுத்திக்கொண்டிருப்பாள். டொக் டொக் என்று மரத்தில் விரல் படும் ஒலி மட்டும் வரும். ஒரு வாரம் கழித்து அதுவும் நின்றது. "சத்தமில்லாம எது சரி, எது தப்புன்னே தெரியலங்க," என்றாள். நான் சரி என்றேன்.

ஈஸ்டர் வந்தது. அவளுடைய நாற்காலியில் பாட்டுப் புத்தகங்களை அடுக்கியிருந்தார்கள். திருவிருந்தில் அப்பம் வாங்க அவள் இரு கைகளையும் நீட்டியபோது இடது கை பாதி சாய்ந்தே நின்றது. போதகர் குனிந்து வலது கையில் வைத்தார்.

இரண்டு வருடம் கழித்து அந்தத் திருநெல்வேலிக்காரருக்கு வேறு பிளாக்கில் பெரிய வீடு கிடைத்தது. கிளம்பும் நாளில் கணவன் மனைவி இருவரும் எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வந்தார்கள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். வயலின் வாசிக்கத ஏன் விட்டுட்டீங்க?" என்றார் அவர். "நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்தா அதக் கேட்டுக்கிட்டேதான் உறங்குவேன். கையில அடிபட்ட பொறவும் வாசிச்சீங்கள்லா, ஒரே எடத்துல தட்டும். இன்னைக்குத் தாண்டிருவாங்களான்னு பாத்துக்கிட்டே கெடப்பேன். அதுக்குள்ள உறங்கிருவேன்."

"அது நின்னதுல இருந்து இவுகளுக்கு உறக்கமும் இல்ல, எனக்கு நிம்மதியும் இல்ல," என்றார் அவர் மனைவி.

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. "கை சரியா வரலப்பா," என்று அவர் டம்ளரில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினாள்.

அவர்கள் போனதும் அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். பெட்டியை எடுத்துவந்து வயலினைத் தோளில் வைத்தாள். இடது உள்ளங்கை பாதியில் நின்றது. வலது கையால் அதைப் பிடித்துத் திருப்பினாள். கொஞ்சம் வந்தது. விட்டதும் பழைய இடத்துக்கே போனது. மூன்று முறை செய்து பார்த்தாள். நான் கதவருகில் நின்றிருந்தேன். ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

தந்திகளைத் தளர்த்திப் பெட்டியை மூடினாள். "நைட் ஷிப்டாச்சே, படுங்க," என்று ஜன்னலைச் சாத்தினாள்.

இப்போது முத்தாண்டிக்குப்பத்தில் வீடு. சுற்றிலும் முந்திரி மரங்கள், யாருடனும் பொதுச் சுவர் கிடையாது. போன வருடம் ஒருநாள் சாப்பிடும்போது துணிந்து சொன்னேன். "அந்தத் தம்பி அன்னிக்கி ஒண்ணும் சொல்லல. நான்தான்..."

"தெரியுங்க," என்றாள். "மோரு ஊத்திக்கினு சாப்பிடுங்க. படுக்கணுமில்ல."

படுத்தேன். ஜன்னல்கள் சாத்தப்பட்டன. கண்ணை மூடினால் டொக் டொக் என்று அந்த விரல் ஒலி. எழுந்துவிடத் தோன்றும். ஆனால் நான் தூங்கிவிட்டேன் என்று நம்பும்வரை அவள் அடுத்த அறையில் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அதனால் தினமும் தூங்குவதுபோல் மூச்சை இழுத்து விடுகிறேன். சற்று நேரத்தில் அவள் எழுந்து நடக்கும் சத்தம் கேட்கிறது.