அப்பாவின் பட்டன்கள்

கொஞ்ச காலம் என் அப்பா என்னுடைய குரலில்தான் பேசினார். அப்போது நான் ஆறாம் வகுப்பு.

அப்பா ஓசூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். தகட்டை அழுத்தி வண்டிப் பாகங்கள் வெட்டுகிற மிஷின் அவருடையது. பாகலூரில் கம்பெனி பஸ் ஏறிப் போனவரை ஒரு நாள் மிஷின் பக்கத்திலிருந்தே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பக்கவாதம். வீடு திரும்பியபோது வலது பக்கமும் இல்லை, பேச்சும் இல்லை. இடது கையில் பேனாவைக் கொடுத்தால் கோணல் கோடுகள்தான் வந்தன. தலையை ஆட்டுவார், அது ஆமாவா இல்லையா என்று அம்மாவுக்கே சில சமயம் பிடிபடாது.

அக்கா இன்ஜினீயரிங் கடைசி வருடம். ப்ராஜெக்ட் செய்ய வேண்டிய நேரம். தோழிகள் கடைக்கும் லைப்ரரிக்கும் ஆப் செய்தபோது, அவள் அப்பாவுக்குச் செய்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள். சித்தப்பாவின் மூலை உடைந்த பெரிய போனைக் கேட்டு வாங்கினாள். படத்தைத் தொட்டால் போன் பேசும்.

முதலில் செய்தது பார்க்க அத்தனை அழகு. ஊதாப் பின்னணியில் பூக்கள் உதிர்ந்தன. சாப்பாட்டைத் தொட்டால் காலை, மதியம், ராத்திரி என்று உள்ளே உள்ளே கதவுகள் திறந்தன. தெருவே வந்து பாராட்டியது. அப்பா மட்டும் தொடவில்லை. அக்காவே அவர் விரலைப் பிடித்து அழுத்தினாள். "எனக்குக் குடிநீர் தேவைப்படுகிறது" என்றது ஒரு பெண் குரல். யாரோ வந்துவிட்டார்கள் என்று அப்பா வாசலைப் பார்த்தார்.

"யாருடி இவ, ரயில்வே ஸ்டேஷன்ல பேசறவளா?" என்றாள் அம்மா. ரோஜா வளர்க்கிற பிளாஸ்டிக் கூடாரத்தில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள்.

அக்காவுக்குக் கோபம் வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் போனை அப்பாவின் மடியில் வைத்துவிட்டு என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தாள். "நான் ஒண்ணும் சொல்லித் தர மாட்டேன். நீயும் வாயத் தொறக்கக் கூடாது. அப்பா என்ன பண்றாருன்னு மட்டும் பாக்கலாம்."

பார்த்தோம். அப்பாவின் கட்டைவிரல் திரையின் இடது ஓரத்தைத்தான் எட்டியது. ஒரு படத்தைத் தொட்டால் பக்கத்துப் படம் பேசியது. தப்பான இடத்துக்குள் போய்விட்டால் திரும்பி வரத் தெரியாமல் போனைக் கவிழ்த்து வைத்தார். உதடு காய்ந்திருந்தது. தண்ணீர்ப் படம் வரைக்கும் விரல் போகும், நிற்கும், பின்வாங்கும்.

அந்த பட்டன் எடுப்பாகத் தெரியட்டும் என்று அக்கா அதற்குச் சிவப்பு அடித்திருந்தாள். விரல் பின்வாங்கிய காரணம் எனக்குத்தான் புரிந்தது. ஆயுத பூஜையன்று கம்பெனிக்குக் கூட்டிப் போயிருந்தபோது, மிஷினில் இருந்த சிவப்பு பட்டனைத் தொடப்போன என் கையை அப்பா பட்டென்று தட்டிவிட்டிருக்கிறார். "செவப்புன்னா எல்லாம் நிக்கணும்னு அர்த்தம் பாப்பா. வெளையாட்டுக்குத் தொடக் கூடாது."

நான் சொன்னதும் அக்கா போனை எடுத்துக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் கலைத்தாள். கலைப்பதற்கு முன் பழையதைப் பிரதி எடுத்து 'கடைசி' என்று பெயர் வைத்துக்கொண்டாள். அதற்குப் பின் 'கடைசிக்கும் கடைசி', 'நிஜமாவே கடைசி' என்று வரிசையாக வந்தன. பூக்கள் போயின. நாலைந்து பெரிய படங்கள் இடது ஓரமாக வந்து நின்றன. எங்கே போனாலும் திரும்பி வர ஒரே அம்புக்குறி. தண்ணீர் பச்சையானது.

குரலுக்கு முதலில் அம்மாதான் உட்கார்ந்தாள். 'வலிக்குது' என்ற சொல்லை அவளால் தாண்ட முடியவில்லை. அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். "தண்ணி வேணும்." "வலிக்குது." "திருப்பிப் படுக்க வையி." பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிப்பது போல உரக்கச் சொன்னேன். அப்பா பச்சையைத் தொட்டு, என் குரல் தண்ணீர் கேட்டபோது அம்மா சமையலறையிலிருந்து, "நீயே மோந்து குடிக்கறதுக்கென்ன?" என்று என்னைத் திட்டினாள். அப்பாவின் பாதி வாய் சிரித்தது.

ஒரு நாள் அம்மா கஞ்சி ஊட்டும்போது அப்பா முகத்தைத் திருப்பி, சட்டையெல்லாம் சிந்தியது. பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "கேக்கறதுக்கு மட்டுந்தான் வழி வெச்சிருக்கேன், மறுக்கறதுக்கு வெக்கலயே" என்றாள். சாயங்காலமே சிவப்பில் ஒரு பெரிய பட்டன் வந்தது. "போதும்" என்று பேசினேன். அப்பாவுக்கு அதைச் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. கஞ்சிக்கு அமுக்கினார். சித்தப்பா விடாமல் அரசியல் பேசியபோதும் அமுக்கினார், சித்தப்பாவே சிரித்துவிட்டார்.

மழைக்காலத்தில் அப்பாவுக்கு மறுபடி வந்தது. அதன்பின் கஞ்சியும் இறங்கவில்லை. தலையில் ஆபரேஷன், வயிற்றில் குழாய் என்று முன்னறையில் பேச்சு ஓடியது. "அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் போனா எவ்ளோ பெரிய ஆஸ்பத்திரிங்க இருக்குது அண்ணி. காலைலயே தூக்கிட்டுப் போயிடலாம்" என்றார் சித்தப்பா. அம்மா துணிகளைப் பையில் வைத்தாள்.

நான் அப்பாவுடன் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். "போதும்" என்றது போன். டிவியை நிறுத்தினேன். "போதும்." குளிருதோ என்று ஃபேனை நிறுத்தினேன். "போதும்." விளக்கையும் அணைத்தேன். இருட்டில் அவர் விரல் விடாமல் அமுக்க, என் குரல் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. முன்னறையில் பேச்சு நின்றது. அம்மா வந்து விளக்கைப் போட்டு, அப்பாவின் முகத்தையே பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்தாள். "வேணாங்களா?" என்றாள். அப்பா கையைப் போனிலிருந்து எடுத்து அவள் கைமேல் வைத்தார்.

பெங்களூருக்குப் போகவில்லை. பை பிரிக்கப்பட்டது. தை பிறப்பதற்கு முன் அப்பா வீட்டிலேயே, அம்மாவின் மடியில் போனார்.

ஆனால் போன் விடாமல் பேசிய அந்த ராத்திரியில் எனக்கு அது எதுவும் தெரியாது. அக்கா கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அடுத்த வாரம் அவளுக்குக் காலேஜில் ரிவியூ. பட்டன் மாட்டிக்கொண்டு ப்ராஜெக்ட் கெட்டுப்போய்விட்டதே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"அழுவாதக்கா," என்றேன். "அந்த ஒரு பட்டன் மட்டுந்தான் கோளாறு. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்குது."