இடக்கை வீரன்

வாளும் மாயமும் கலந்த அந்தப் பேசாப் படத்தின் நிறை குறைகளை எடுத்துரைக்கும்படி எங்கள் சங்கத்தார் என்னைக் கேட்டார்கள். கண்டி நகரத்தில் உத்தியோகம் பார்த்த தமிழரும் ஆசிரியரும் மாதந்தோறும் கூடும் சங்கம் அது. நான் அப்போது ஒரு கல்லூரியில் ஆசிரியன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தனியறையில் குடியிருந்தவன். அந்தச் சங்கத்தை விட்டால், வகுப்புக்கு வெளியே என் பேச்சைக் கேட்க ஊரில் எவரும் இல்லை. அங்கே எனக்கிருந்த மதிப்பே என் சொத்து. ஆகவே அழைப்பை மிகுந்த பொறுப்புடன் ஏற்றேன். படத்தை நான் ஏற்கனவே பார்த்திருந்தேன். எங்கிருந்து பார்த்தேன் என்பதை மட்டும் எவருக்கும் சொல்லவில்லை.

அக்காலத்துப் படக் கூடாரத்தில் திரையின் இரு புறமும் ஆட்கள் இருப்பார்கள். முன்புறத்தில் முதுகு சாயும் கதிரை, நீள வாங்கு, தரையில் பாய் என்று தராதரம் உண்டு. பின்புறத்தில் சாக்கு மட்டுந்தான். படம் துணியை ஊடுருவித் தெரிவதற்காகக் காட்சிக்கு முன் திரையில் தண்ணீர் அடிப்பார்கள்; அந்த ஈரம் பின்னாலிருப்பவர் முகத்தில் குளிராக வந்து படியும். மஹய்யாவக் குடியிருப்பின் நகரசபைத் தொழிலாளரும், வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து சந்தைக்கு வந்தவரும் அங்கே அமர்வார்கள். என் மாணாக்கர் வாங்குகளிலும் சங்கத்தார் கதிரைகளிலும் இருந்தார்கள். மந்திரவாதியையும் பூதத்தையும் பார்க்க ஓர் ஆசிரியன் காசு கொடுத்தான் என்று அவர்கள் பேச இடங்கொடுக்க நான் விரும்பவில்லை. சால்வையைத் தலையோடு போர்த்துக்கொண்டு பின்புறம் சென்றேன்.

காட்சிகளுக்கிடையே திரையில் தோன்றிய தமிழ் எழுத்துகள் அங்கிருந்து இடம் வலமாகத் திரும்பித் தெரிந்தன. அங்கிருந்தவர்களிற் பெரும்பாலோர் நேரெழுத்தையே அறியாதவர்கள். மையொற்றுத் தாளில் பதிந்த எழுத்தைப் படித்துப் பழகிய எனக்கு அது சிரமமாக இல்லை.

"அந்தத் தாடிக்காரன் என்னமோ சொல்றானே, ஒண்ணும் வெளங்கலியே," என்றாள் பக்கத்திலிருந்த தோட்டத்துப் பெண்.

"இளவரசியைக் கல்லாக்கிவிடுவேன் என்கிறான்," என்றேன்.

"அடியே, இங்கிட்டு வாங்கடி! ஐயா எழுத்து வாசிக்கிறாரு!" என்று தன் கூட்டத்தைக் கூப்பிட்டவள், "கல்லாக்குனா நல்லதுதானுங்களே ஐயா. கொழுந்து பறிக்க வாடின்னு கங்காணி தொரத்த மாட்டான்," என்றாள்.

"நீ எப்பவுமே கல்லுதாண்டி. தனியா வேற ஆக்கணுமாக்கும்?" என்றான் அவள் கணவன்.

சாக்குகள் என்னை நோக்கி நகர்ந்தன. படம் முடியும் வரை வாசித்தேன். மறுநாளும் அதே படத்துக்கு அதே இடத்துக்குப் போனேன். படத்தை நுணுகி ஆராய்வதற்காகவே போவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சங்கத்தில் நிறைகளையே முதலில் சொன்னேன். தொங்குபாலத்து வாட்போர் மெய்யானது. இருவரும் மூச்சு வாங்கிச் சாயும் வரை படம்பிடிக்கும் பெட்டி அவர்களை விட்டு அகலவில்லை. கல்லாகி நின்ற இளவரசியின் தோளில் எங்கிருந்தோ ஒரு குருவி வந்து அமர்கிறது. அந்தப் படத்துண்டை வெட்டி எறியாமல் விட்டது பெரிய விவேகம். பின்னர் குறைகளுக்கு வந்தேன். நெருக்கடி தோறும் மந்திர மோதிரமே காக்குமானால் வீரனுக்கு வாள் வீண் சுமை. பூதத்தின் உடைக்குக் கீழே நடிகரின் செருப்பு தெரிகிறது. இவற்றையெல்லாம் சபையோர் தலையசைத்து ஏற்றனர்.

மிகப் பெரிய குறையை இறுதிக்கு வைத்திருந்தேன். வீரன் இடக்கையால் வாள் பிடிக்கிறான். பிதிர்க் கடன் செய்பவனைப் போல வலத்தோளில் பூணூல் தரிக்கிறான். மணவறையில் பெண்ணை இடப்புறம் இருத்தி, இடக்கையால் அவள் கைபிடிக்கிறான். "இது கலையறியாமை மட்டுமன்று, ஆசாரக் கேடு," என்று குரலை உயர்த்தினேன்.



"மாஸ்டர், நான் கண்டது வலக்கையில எல்லோ?" என்றார் தபாற்கந்தோர்த் தலைமை எழுதுவினைஞர்.

"ஓம், வலக்கைதான். பூணூலும் சரியாத்தான் கிடந்தது," என்றார் அருகிலிருந்த அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் எந்தப் பக்கத்தால பார்த்தனீங்கள்?" என்றார்.

பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்து, உடனே அடங்கியது. எழுத்துகள் திரும்பியிருந்ததைக் கணந்தோறும் அறிந்திருந்த எனக்கு, மனிதரும் இடம் வலமாகத் திரும்பியே நின்றார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பிய எழுத்து கண்ணை உறுத்துகிறது. திரும்பிய மனிதன் உறுத்துவதில்லை.

தலைவராயிருந்த, காணி உறுதி எழுதும் முதிய நொத்தாரிசு மெல்ல எழுந்தார். "மாஸ்டருக்குக் கொப்பி திருத்தித் திருத்திக் கண் களைச்சுப் போச்சு. ஒருக்கா டொக்டரிட்டைக் கண்ணைக் காட்டுங்கோ, மாஸ்டர்."

"ஓம் ஓம், கண்தான்," என்றனர் பலர். கேள்வி கேட்டவரும் அதையே சொன்னார்.

"இருக்கலாம்," என்று கூறி அமர்ந்தேன். அவர்கள் அனைவரும் அறிந்திருந்தார்கள். அறியாதவர் போலிருப்பதென்று அந்தக் கணத்திலேயே முடிவு செய்து, என் மானத்தை என்னிடம் திருப்பித் தந்தார்கள். அந்தப் பண்பை நான் இன்றும் மதிக்கிறேன். ஆயினும் அதன்பின் அவர்கள் என்னிடம் என் கண்ணைப் பற்றி மட்டுமே விசாரித்தார்கள். மறுபடி என்னைப் பேச அழைக்கவில்லை.

அடுத்த வாட்போர்ப் படம் வந்தபோது கதிரைக்கே சீட்டு வாங்கினேன். என்னை அங்கே சங்கத்தார் காண வேண்டியிருந்தது. கண்டார்கள், தலையசைத்தார்கள், தத்தம் வரிசைகளில் அமர்ந்தார்கள். வீரன் வலக்கையால் வாளை உருவினான். கூடாரம் பெரிதன்று. படத்துக்கு வாசித்த ஆர்மோனியக்காரர் ஓய்ந்தபோது துணிக்கு அப்பாலிருந்து குரல்கள் தெளிவாகக் கேட்டன.

"வாசிக்கிற ஐயாவ இன்னைக்கிக் காணோமே?"

"அவருக்கு வேற சோலி இல்லியா? நாமளே ரோசிச்சுக்குவோம். இந்தா அழுவுறாளே, இவ அவனுக்குத் தங்கச்சி."

"தங்கச்சிதான். மூக்கப் பாரு, ஒரே அச்சு."

எனக்கெதிரே எழுத்து நேராகவும் பெரிதாகவும் நின்றது. அவள் அவன் மனைவி. அவன் திரும்பி வரமாட்டான் என்பதை அறிந்தே விடைகொடுக்கிறாள். அப்பால் அவர்கள் அந்தத் தங்கைக்காக உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். என் இரு பக்கத்துக் கதிரைகளும் காலியாக இருந்தன. எழுத்து மறையும் வரை அதை வாய்க்குள்ளேயே வாசித்தேன்.