விமலேஸ்வரி அக்காவின் வெள்ளிக்கிழமைகள்

வட்டக்கச்சியில் எங்கள் வேலிக்கு அடுத்த வளவு கனகலிங்கம் அண்ணையுடையது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அண்ணை வாயைத் திறந்தால் வெட்டொன்று துண்டிரண்டுதான். கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். திருவிழாவுக்கு அழைக்கப் போனவர்களைப் படலையோடு திருப்பி அனுப்பியவர்.

அவர் மனைவி விமலேஸ்வரி அக்கா நேர் எதிர். வெள்ளி தவறாமல் விரதம். சாமிக்குப் படைத்த பிறகுதான் ஒரு வாய் சோறு. எழுபதைத் தாண்டியதும் அக்காவுக்கு ஞாபகம் குழம்பத் தொடங்கியது. ஆட்களின் பெயர்கள் போயின, சமைக்கிற குசினி எந்தப் பக்கம் என்பதும் போயிற்று. விரதம் மட்டும் போகவில்லை. அக்காவுக்கு ஒவ்வொரு நாளும் வெள்ளிக்கிழமைதான்.

அக்காவுக்கு நீரிழிவு என்கிற சீனி வருத்தமும் இருந்ததே, அங்கேதான் வந்தது வினை. சாப்பாட்டுக்கு முன் போடவேண்டிய குளிசையை அண்ணை காலையில் கொடுப்பார். மருந்தால் விரதம் கெடாது என்று அக்காவும் விழுங்கிவிடுவார். பிட்டை நீட்டினால், "இண்டைக்கு வெள்ளியெல்லே!" என்று வாயை இறுக்கிக்கொள்வார். ஒருநாள் அண்ணை போட்ட சத்தத்தில் நான் விழுந்தடித்து ஓடினேன். அக்காவுக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கைகால் நடுங்கி, கூப்பிட்டாலும் கண் திறக்கவில்லை. ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பிழைத்ததே பெரிய காரியம். அங்கிருந்த டொக்டர் குளிசையை மாற்றி, அளவையும் குறைத்தார்.

"ஐயா, ஞாபகம் இல்லாத ஆளுக்குச் சீனி கொஞ்சம் கூடி நிண்டாலும் சமாளிக்கலாம். இறங்கினால் உயிருக்கே ஆபத்து. இனிச் சாப்பிட்ட பிறகுதான் குளிசை. சாப்பிடாட்டிக் குடுக்காதேங்கோ."

சரி, சாப்பிட வைப்பது எப்படி? கெஞ்சினோம், அதட்டினோம். அக்கா நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டு போனார். எனக்கென்றால் நம்பிக்கை விட்டுப்போயிற்று.

பிறகொரு காலை, அடுத்த வளவில் மணிச் சத்தம். வேலியால் எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தேன். கனகலிங்கம் அண்ணை! தோய்த்த வேட்டி, நெற்றி நிறைய விபூதி, வாழையிலையில் சோறும் பருப்பும் படைத்துக் கற்பூரம் காட்டுகிறார். தேவாரம் பாதியில் மறந்துபோய் நின்றார். மிச்சத்தை அக்கா பாடினார், ஒரு சொல் பிசகாமல்.

"பூசை முடிஞ்சுது விமலா. இனிச் சாப்பிடலாம்."

அக்கா சாப்பிட்டார். பிறகு குளிசை. அன்று முதல் தினமும் அந்த வீட்டில் காலைப் பூசை.

போன மாதம் ஒருநாள் பூசைக்கு வாழைப்பழம் கொண்டு போயிருந்தேன். எல்லாம் முடிந்தும் அக்கா இலையில் கை வைக்கவில்லை.

"சிவகரன் இன்னும் சாப்பிடேல்லை. பிள்ளை பசியோட இருக்க நான் எப்பிடிச் சாப்பிடுறது?"

சிவகரன் அவர்களுடைய ஒரே மகன். 2009இல், போரின் கடைசி நாட்களில், மாத்தளனில் அவனைத் தன் கையாலேயே புதைத்தவர் அண்ணை. சாமியை விட்டது அன்றுதான். அந்தப் பெயரையும் அதற்குப் பிறகு அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

அண்ணை எழுந்து பின்வாசலுக்குப் போய், வயல் பக்கம் பார்த்து உரத்துக் கூப்பிட்டார்.

"சிவகரன்! சாப்பிட்டிட்டியோ மோனை?"

கூப்பிட்டுவிட்டுக் காத்துக்கொண்டு நின்றார். இப்படியும் ஒரு மனிதரால் முடியுமா என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். திரும்பி வந்து அக்காவுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"அவன் சாப்பிட்டிட்டானாம். உம்மைச் சாப்பிடட்டாம்."

அக்கா சோற்றைப் பிசையத் தொடங்கினார்.