பனாமா அணியின் கேப்டன்

அந்த வருடம் எங்கள் வட்டாரத்தில் நான்கு இந்தியா இருந்தது. உலகக் கோப்பைக்கான அணியை டிவியில் அறிவித்த மாலையே ராயபுரத்துப் பிள்ளைகளும் தங்கள் அணிகளை அறிவித்துவிட்டார்கள். தெருவுக்கு ஒரு நாடு என்பதுதான் ஏற்பாடு. ஆனால் எந்தத் தெருவும் ஆஸ்திரேலியாவாக இருக்கச் சம்மதிக்கவில்லை. இங்கிலாந்தாக இருக்கிறீர்களா என்று கேட்டதற்கே பின்தெருப் பையன்கள் அடிக்க வந்தார்கள். கடைசியில் நான்கு தெருவும் இந்தியாவாகவே இறங்குவது என்று முடிவாயிற்று. நான்கு கேப்டன்களும் முதுகில் ஒரே எண் போட்ட நீலச் சட்டை வாங்கிக்கொண்டார்கள்.

எங்கள் இந்தியாவுக்குக் கேப்டன் என் பெரியம்மா மகன். மட்டை அவனுடையது என்பது அவனுடைய முக்கியத் தகுதி. டிவியில் வந்ததைப் போலவே பதினைந்து பேரை நிறுத்திப் பெயர் படித்தான். அதில் நான் இல்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எங்கள் தெருவில் என்னைவிட வேகமாகப் பந்து போடுகிறவன் அவன் ஒருவன்தான். அதை அவனும் அறிவான்.

"பொட்டப் புள்ளய எறக்குனா மத்த இந்தியாக்காரன்லாம் சிரிப்பான்" என்றான். ரயில்வே மதிலைத் தாண்டி விழும் பந்தை எடுத்து வருவதற்கு மட்டும் எனக்கு அனுமதி கொடுத்தான்.

அம்மாவின் தம்பி, என் மாமா, இதையெல்லாம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் வந்து இறங்கும் கப்பல்காரர்களைக் கடைக்கும் கோயிலுக்கும் அழைத்துப் போகும் வேனை அவர் ஓட்டினார்.

"நாலு இந்தியா மோதிகினா அதுக்குப் பேரு உலகக் கோப்பையாடா? கொழாயடிச் சண்டை. ஒரு ஃபாரின் டீமாவது வோணாவா? இருங்க, நான் இட்டாறேன்" என்றார்.

யாரும் நம்பவில்லை. சிங்கப்பூர்க் கப்பலிலிருந்து பேசும் கிளி கொண்டுவருவதாக அவர் சொல்லி நான் ஒரு வருடம் காத்திருந்தவள்.

ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், கல்மண்டபத்துக்குப் பின்னால் நாங்கள் விளையாடும் காலிமனை ஓரத்தில் வேன் வந்து நின்றது. ஒன்பது பேர் இறங்கினார்கள். பெரும்பாலும் வங்காளதேசத்து ஆட்கள். காலில் ரப்பர் செருப்பு, சாயம் போன டீ-ஷர்ட். கடைசியாக இறங்கியவர் மட்டும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உள்ளே விட்டிருந்தார். நரைத்த மீசை, வெயிலில் சிவந்த முகம்.

"இவருதான் கேப்டன்" என்றார் மாமா.

பெரியம்மா மகன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்க் கை குலுக்கினான். அவர் கப்பலின் கேப்டன் என்பதும், கிரிக்கெட்டே இல்லாத ஏதோ ஒரு நாட்டிலிருந்து வந்தவர் என்பதும் டாஸ் போடும்போதுதான் தெரிந்தது. காசை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, தனக்குத்தான் கொடுத்தார்கள் என்று நினைத்து நன்றி சொல்லிப் பையில் போட்டுக்கொண்டார்.

எந்த நாடு என்று கேட்டோம். கப்பலின் பின்பக்கத்தில் 'பனாமா' என்று எழுதியிருக்கிறது என்றார் மாமா. அந்த ஒன்பது பேரில் பனாமாவைப் பார்த்தவர்கூட ஒருவரும் இல்லை. இருந்தாலும் உலகக் கோப்பையில் பனாமா அணி அன்றைக்குச் சேர்ந்தது.

பதினொரு பேருக்கு இரண்டு ஆள் குறைந்தது. "கப்பல்ல ரெண்டு பேர் நிக்க வேணும், அதான்" என்று அவர்களில் ஒருவர் தமிழில் சொன்னார். அவர் திருகோணமலைக்காரர், கப்பலின் சமையற்காரர். பெரியம்மா மகன் பெருந்தன்மையோடு இரண்டு பேரைக் கடன் கொடுத்தான். ஒன்று, கண்ணாடி போட்ட ஒரு குண்டுப் பையன். இன்னொன்று நான்.

கேப்டன் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். சமையற்காரரிடம் ஏதோ கேட்டார்.

"என்ன வேலை தெரியும் எண்டு கப்டன் கேக்கிறார், பிள்ளை."

"பந்து போடுவேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பந்தை என் கையில் கொடுத்தார். அவ்வளவுதான். பெண் பிள்ளைக்குப் பந்து கொடுக்கும் வழக்கமில்லை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

முதல் பந்து வைடு. இரண்டாவதைப் பெரியம்மா மகன் மதிலுக்கு அடித்தான். நான் கேப்டனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அதே மாதிரி தலையை ஆட்டினார். மூன்றாவது பந்து ஸ்டம்புக்கு வைத்திருந்த மீன் பெட்டியில் டப்பென்று மோதியது. "நோ பால்! நோ பால்!" என்று பெரியம்மா மகன் கத்திக்கொண்டிருக்க, கேப்டன் விஷயத்தைச் சமையற்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நேராக அவனிடம் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கி வழியனுப்பி வைத்தார். அவுட்டானவருக்குச் செய்யவேண்டிய மரியாதை அது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அதற்குப் பிறகு அவனால் அங்கே நிற்க முடியவில்லை.

அந்த ஆட்டத்தில் பனாமா ஜெயித்தது. கப்பல்காரர்களிலேயே வயது குறைந்தவர், தாடி சரியாக முளைக்காத ஒரு வங்காளி, வேகப்பந்தில் எங்கள் தெரு இந்தியாவைச் சுருட்டிவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் மாமா எல்லோரையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். அம்மா அவரை உள்ளே இழுத்தாள். "இன்னாடா நெனச்சிகினு கீற? இத்தினி பேருக்குச் சோத்துக்கு நான் எங்க போவேன்?" என்று பல்லைக் கடித்தாள். பக்கத்து வீடுகளிலிருந்து சோறும் மீன் குழம்பும் வந்தன. அவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் முணுமுணுப்பு நின்றுபோனது. குழம்புச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது அவர்கள் வேனிலிருந்து காலி கேன்களை எடுத்துவந்து எங்கள் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டார்கள். வெயிலில் அவ்வளவு ஓடினால் தாகம் எடுக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு அம்மா பெரிய அண்டாவைக் கழுவி வைத்திருந்தாள்.

அந்தக் கோடை முழுக்க அவர்கள் வந்தார்கள். ஆனால் பனாமா அணி ஆள் குறைந்துகொண்டே வந்தது. ஒரு வாரம் இரண்டு பேர் இல்லை. பிறகு இன்னும் இரண்டு பேர். காலியான இடங்களுக்கு நாங்கள் ஆள் கொடுத்தோம். எங்கள் தெருவின் தம்பிமார்கள் ஒவ்வொருவராகப் பனாமா பிரஜைகள் ஆனார்கள்.

"ஃபார்ம் இல்லாதவன கேப்டன் டீம்லேந்து தூக்கிகினே இருக்காரு. கறார் பேர்வழி" என்றான் பெரியம்மா மகன். அவனுக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டிருந்தது.

ஒரு ஞாயிறு அந்த இளம் வேகப்பந்துக்காரர் விளையாட வராமல் சொல்லிக்கொள்ள மட்டும் வந்தார். துவைத்த சட்டை போட்டிருந்தார். போனில் ஒரு கைக்குழந்தையின் படத்தை அம்மாவிடம் காட்டினார். எங்கள் எல்லோருடைய கையையும் பிடித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"கப்டன் இவனை விட்டிட்டார்" என்றார் சமையற்காரர்.

எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. "இருக்கறதுலயே நல்ல பவுலர் இவருதான். இவரப் போயி தூக்கறாரா? நீங்க கேளுங்க" என்றேன்.

சமையற்காரர் சிரித்தபடி அதைக் கேப்டனுக்குச் சொன்னார். கேப்டன் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். வேறு வழியில்லை என்கிறாரா, மன்னிப்புக் கேட்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. அன்று நான் அவரோடு பேசவில்லை. சோறு பரிமாறும்போதுகூட அவர் இலையைத் தாண்டிப் போய்விட்டேன்.

அந்தக் கப்பலின் முதலாளி அதை அப்படியே கைவிட்டு ஓடிவிட்டான் என்பதும், கப்பலில் டீசலும் அரிசியும் தீர்ந்து மாதக்கணக்காகிவிட்டது என்பதும் பின்னாளில் மாமா சொல்லித் தெரிந்தது. ஊருக்குப் போக இரண்டிரண்டு டிக்கெட்டாகத்தான் ஏற்பாடாயிற்றாம். முதலில் யார் போவது என்று கேப்டன்தான் பெயர் கொடுத்திருக்கிறார். பிள்ளை பிறந்தவன், தாய்க்கு முடியாதவன் என்று பார்த்துப் பார்த்து அனுப்பியிருக்கிறார். நாங்கள் அதைத்தான் அணித் தேர்வு என்று நினைத்திருந்தோம்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிறு வேனிலிருந்து சமையற்காரர் மட்டும் இறங்கினார்.

"கப்டன் வரமாட்டார், பிள்ளை. எனக்கும் நாளைக்கு டிக்கெட். இனி நீதான் கப்டன் எண்டு சொல்லச் சொன்னவர்."

"நானா?"

"வேற ஆர்? பனாமாவுக்கு நீதான்."

அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிடமே போய்விட்டது. பதினொரு பேரில் பத்துப் பேர் எங்கள் தெருப் பிள்ளைகள். பனாமாவிலிருந்து வந்தவர் என்று சொல்ல ஒரு சமையற்காரர். அந்த அணியை வைத்துக்கொண்டு அன்று பெரியம்மா மகனின் இந்தியாவோடு மோதினேன். டாஸ் போடும்போது அவன் என் முகத்தைப் பார்க்காமலே கை குலுக்கினான். மூன்று ரன்னில் ஜெயித்தோம். கடைசி ஓவர் நான் போட்டேன்.

இதை உடனே கேப்டனிடம் சொல்லியாக வேண்டும் என்று மாமாவை அரித்தெடுத்தேன். அவர் சாப்பாட்டுத் தூக்கை வேனில் வைத்துக்கொண்டு என்னையும் ஏற்றிக்கொண்டார். துறைமுகத்துக்குள் என்னை விடமாட்டார்கள். அதனால் காசிமேட்டில் மீன்பிடிப் படகுகள் நிற்கும் இடத்தைத் தாண்டி அலைதடுப்புக் கற்கள் மேல் கூட்டிப்போய் நிறுத்தினார். தண்ணீருக்கு அந்தப் பக்கம் துரு ஏறிய கப்பல் ஒன்று நின்றது. தளத்தில் ஒருவர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை.

"கேப்டன்! ஜெயிச்சிட்டோம்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. காதில் விழுந்திருக்காது. ஆனால் மாமா துண்டை எடுத்து வீச, அவர் எங்களைப் பார்த்துவிட்டார். கம்பியோரம் வந்து நின்று நேராக நிமிர்ந்து கையை நெற்றிக்குக் கொண்டுபோய் எனக்கு ஒரு சல்யூட் வைத்தார். நானும் வைத்தேன்.

"மத்தவங்கள்லாம் எங்க மாமா?"

"ஊருக்குப் பூட்டாங்க. யாரு மொதல்ல போறதுன்னு இவருதான் பேரு குடுத்தாரு. நாளைக்கு அந்த சமையக்காரரும் பூடுவாரு. கப்பல சும்மா வுட்டுட்டுப் போவக்கூடாது பாப்பா, ஒரு ஆளு இருந்தாவணும். சட்டம்."

"அப்ப இவரு எப்பப் போவாரு?"

மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "இவரு கேப்டனாச்சே" என்றார்.

எனக்கு அது பதிலாகவே படவில்லை. அணியைத் தேர்ந்தெடுப்பவர் அவர்தான். பெயர் கொடுக்கிற இடத்தில் இருக்கிறவர் தன் பெயரை முதலில் கொடுத்துக்கொள்ள என்ன தடை? எங்கள் நான்கு இந்தியாவின் கேப்டன்களும் அப்படித்தானே செய்தார்கள். விவரம் போதாத மனிதர், கிரிக்கெட்டும் தெரியவில்லை, இதுவும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டே, அவருக்குப் பதிலாக நான் கேப்டனாகிவிட்ட சந்தோஷத்தில் கற்களின் மேல் தாவித் தாவி வேனை நோக்கி ஓடினேன். மாமா உடனே வரவில்லை. அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.