வாடாத விராலி

விராலி இலையைக் கசக்கினால் விரலில் பிசின் ஒட்டிக்கொள்ளும்; சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாத அந்தக் கசப்பு வாடை, ராத்திரி சோறு பிசையும்போது மறுபடி மூக்கில் ஏறும். கல்லூரியில் தாவரவியல் நடத்தும் எனக்கு வருடத்தில் ஒரு நாள் அந்த வாடை கட்டாயம். ஆளுயரப் புதர், அடி குறுகிய நீள இலை, இதழ் இல்லாத பூ, மூன்று சிறகுள்ள காய், இலைமேல் வார்னிஷ் அடித்த மாதிரிப் பிசின், அந்தப் பிசின் ஈரத்தை வெளியே விடாததால் கோடையிலும் பச்சை என்று பலகையில் எழுதிக்கொண்டே போவேன். பறித்த பிறகும் நாள்கணக்கில் வாடாது என்பதை மட்டும் எழுதுவதில்லை. வாயால் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வேன்.

சமயநல்லூருக்கு மேற்கே எங்கள் ஊர். ஊருக்குப் பின்னால் ஒரு மொட்டைக் "கரடு", சின்னப் பாறைக்குன்று; அதில் விராலியைத் தவிர வேறெதுவும் உருப்படியாக முளைத்ததில்லை. பச்சையாகவே அடுப்பில் எரியும் என்பதால் பெண்களுக்கு அது விறகு. எங்களுக்கு விளையாட்டுச் சாமான். சிவந்து காய்ந்த காய்களைக் "கிலுக்கு" என்போம். உள்ளங்கையில் வைத்து ஊதினால் சிறகடித்துப் போகும். எனக்குப் பத்து வயது, தம்பி செல்வத்துக்கு ஏழு. பங்குனி வெயிலில் விராலி ஒடிக்கப் போன இடத்தில், நான் ஊதிவிட்ட கிலுக்கைப் பிடிக்க ஓடியவன் பாறையில் சறுக்கி விழுந்தான். இடது முன்கை ஒடிந்துவிட்டது.

பக்கத்து ஊர்க் கட்டு வைத்தியர் முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் ஏதோ கருமருந்தும் குழைத்துப் பூசி, மூங்கில் சிம்பு வைத்து, விரல் நுனிவரை துணியால் இறுக்கிச் சுற்றினார். கடைசி மடிப்பில் ஒரு நொச்சிக் கொத்தைச் செருகி அம்மாவிடம் சொன்னார்: "இந்த எல சருகாகுற அன்னைக்குக் கூட்டிட்டு வாத்தா. அவுத்துத் தளத்திக் கட்டணும். மறந்துறாத." நாளும் கிழமையும் பார்க்காத வீடுகளுக்காக அவர் வைத்திருந்த வழி அது. நொச்சி இரண்டு நாளில் சுருண்டுவிடும். கையில் வீக்கம் ஏறுவதும் அந்த இரண்டு நாளில்தான். இது எனக்குப் புரிந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன்.

கட்டுப்போடும்போது தம்பி கத்திய கத்தல் தெருக்கோடிவரை கேட்டது. மறுநாள் மாலை நொச்சி துவளத் தொடங்கியதும் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டான். "அவுக்க வேணாம்க்கா. செத்துருவேன்க்கா." என்னால் தாங்க முடியவில்லை. விறகுக் கட்டிலிருந்து ஒரு விராலிக் கொத்தை ஒடித்து, நொச்சியை உருவிவிட்டு, அதே மடிப்பில் செருகினேன். அப்பா லாரியில் வடக்கே போயிருந்தார். விடியுமுன் காட்டு வேலைக்குப் போய்ப் பொழுதடையத் திரும்பும் அம்மா, மங்கல் பல்பு வெளிச்சத்தில் வாசற்படியிலிருந்தே எட்டிப் பார்ப்பாள். "இன்னும் பச்சையாத்தான் இருக்கு" என்று அடுப்படிக்குப் போய்விடுவாள்.

மூன்றாம் நாள் முழுக்க முனகினான். "எலும்பு கூடுறப்ப வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கடா" என்றாள் அம்மா. நாலாம் நாள் வலி நின்றுவிட்டது. வலிக்கவே இல்லை என்று அவன் சிரித்ததும் நானும் சிரித்தேன், கரட்டிலிருந்து கிலுக்கு பொறுக்கி வந்து கொடுத்தேன். ஐந்தாம் நாள் காலையில் வீட்டில் ஒரு வாடை வந்தது. அது விராலி வாடை இல்லை.

ஆஸ்பத்திரியில் கட்டை வெட்டிப் பிரித்த நர்ஸம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பிரித்தபோது மடிப்பிலிருந்து விழுந்த விராலிக் கொத்து தரையில் பச்சைப்பசேல் என்று கிடந்தது. யாரும் பார்ப்பதற்குள் காலால் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன்.

ஊர் திரும்பிய அன்றே அம்மா வைத்தியர் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "எம்பிள்ள கையத் தின்னவன் வெளங்குவானா" என்று அவள் அலற, அந்த மனிதர் "நொச்சி வாடாம இருக்குமாத்தா? எப்படித்தா வாடாம இருக்கும்?" என்றே திரும்பத் திரும்பக் கேட்டார். நான் அம்மாவுக்குப் பின்னால்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவரிடம் யாரும் போகவில்லை. தம்பியும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இப்போது அந்தக் கரட்டில் பாதி கல்குவாரிப் பள்ளம். வைத்தியர் ஊரின் நொச்சி வேலி நாலுவழிச் சாலைக்கு அடியில் போய்விட்டது. தம்பி மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் விலை கூவுகிறான். அதற்குத் தொண்டை போதும். அம்மா திருநகரில் என்னோடு இருக்கிறாள். போன மாதம் அவன் வந்திருந்தபோது, ஒற்றைக் கையால் டீ ஆற்றுவதைப் பார்த்து அவள் பழைய புலம்பலைத் தொடங்கினாள். "தெனமும் பாத்தேனே, பச்சையாத்தான இருந்துச்சு. அந்தப் பாவி எப்படிக் கட்டுனானோ."

"அம்மா, அது நொச்சியில்ல. அத உருவிட்டு நான் விராலியச் செருகி வச்சேன்."

"நான்தாம்மா அவுக்க வேணாம்னு அழுதேன்" என்றான் தம்பி.

ஆயுசெல்லாம் விராலி ஒடித்து அடுப்பெரித்தவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அடிப்பாள், மண்டையில் அடித்துக்கொண்டு அழுவாள் என்று முப்பது வருடமாகப் பயந்திருந்தேன். அவள் கேட்டது, "அந்த மனுசன் இருக்காரா?"

"இல்லம்மா. அவரு செத்து ரொம்ப வருசமாச்சு."

அம்மா, அன்றைக்கு மண்ணை வாரிய தன் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பிறகு அதைச் சேலையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.