பதினொரு மச்சாள்மார்

என்னிடம் அமெரிக்காவின் பழைய வெள்ளி டொலர் பதினொன்று இருக்கிறது. எல்லாம் நூறு வயது தாண்டிய காசுகள். இதை நான் வெளியில் சொல்வதில்லை. சொன்னால் ஏன் சேர்க்கிறாய் என்று கேட்பார்கள். அந்தக் காரணம் சொல்லக்கூடியதல்ல.

அந்தக் காசில் பக்கவாட்டாக ஒரு பெண்ணின் தலை இருக்கும். நேரான மூக்கு, கொழுத்த நாடி, அடுத்தவள் வைத்த குழம்பை ருசி பார்த்துவிட்டுக் குறை சொல்லப் போகிற வாய். நகரத்தின் மறுகோடியில், பியர்பொன்ட்ஸில் இருக்கும் என் கணவரின் அக்கா, என் மச்சாள், அச்சு அசல் அதே முகம். லாசாலில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் முதல் காசைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு வாங்காமல் போக வெட்கமாக இருந்தது. வாங்கினேன்.

பிறகு பழகிவிட்டது. காசு விற்கிற கிழவர் பூதக்கண்ணாடியைத் தருவார். நான் நாடியை மட்டும் பார்ப்பேன், மச்சாளின் நாடிக்குக் கிட்ட வருகிறதா என்று. பொன்ஜூரும் மெர்சியும் தவிர எனக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆகவே வாய் திறப்பதில்லை. இவ்வளவு நேரம் பேசாமல் பார்க்கிறவள் பெரிய விஷயகாரியாக இருக்க வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் வேண்டாமென்று வைத்த காசுகளின் விலையை அவர் அவசரமாகக் குறைத்து எழுதியதை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

நாற்பது வருடமாக நான் மச்சாளுக்கு "ஓம் மச்சாள்" என்பதைத் தவிர வேறு பதில் சொன்னதில்லை. அவவின் போனை வைத்த பிறகு, காசுகளை மேசையில் ஒரு துவாயில் பரப்பி, மிச்சத்தை அவற்றுக்குச் சொல்வேன்.

"உப்புக் காணாதோ? உங்கடை வாய்க்குக் கடலையே ஊத்தினாலும் காணாது!"

ஒரு சனிக்கிழமை, முதல்நாள் போனின் மிச்சத்தை இப்படிச் சொல்லித் திரும்பினால், வாசலில் மச்சாள். இரண்டு பஸ் மாறி, சொல்லாமல் வந்திருக்கிறா. கதவைத் திறந்துவிட்டவர் என் கணவர்.

"ஆரோடை கதைக்கிறாய்?"

நான் துவாயை மடிக்கப் போனேன். அவ ஒரு காசை எடுத்தா. பதினொன்றிலும் அரிதானது அதுதான். மறுபக்கத்துக் கழுகின் வாலுக்குக் கீழே, காசு அடித்த இடத்தைக் குறிக்கிற இரண்டு சின்ன எழுத்து இருக்கும். அதற்காக நான் இரண்டு வருடம் காத்திருந்தேன்.

என் கணவர் எட்டிப் பார்த்தார். "அக்கா, உன்னை உரிச்சு வைச்ச மாதிரியெல்லோ கிடக்கு!"

நான் செத்தேன். மச்சாள் காசோடு கண்ணாடிக்கு முன்னால் போய்ப் பக்கவாட்டாக நின்றா. கழுத்தை நீட்டினா. நாடியைத் தடவினா.

"எடியே, இந்தப் பதினொண்டும் நானோ?"

தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

"டேய் தம்பி, பாத்தியே! உனக்கு என்ரை பிறந்தநாளே நினைவில்லை. வாய் திறவாத இவள் என்னை வெள்ளியிலை சேர்த்து வைச்சிருக்கிறாள்." அவவின் கண் கலங்கிவிட்டது. "இந்த ஒண்டு எனக்கு. மேலை ஒரு ஓட்டை போட்டு, சங்கிலியிலை கொழுவிக்கொண்டு கலியாணவீட்டுக்குப் போறன்."

ஓட்டை விழுந்த காசை, காசு சேர்க்கிறவர்கள் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். காசு கைப்பைக்குள் போய்விட்டது. "ஓம் மச்சாள்" என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது கைப்பையின் ஸிப் இழுபடுகிற சத்தம் கேட்டது.

"இல்லை மச்சாள்! உங்கடை தலையிலை ஓட்டை போட நான் விடமாட்டன்!"

என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். மச்சாள் என்னை மேலும் கீழும் பார்த்தா. காசில் இருக்கிற வாய் அப்படியே அவவின் முகத்தில் இருந்தது.

"உனக்கு வாயும் இருக்கோடி?" என்றா. பிறகு ஸிப்பைத் திறந்து காசைத் துவாயில் வைத்தா. "என்ரை தலையெண்டதும் எப்பிடிப் பதறுறாள், பார் தம்பி!"

நேற்று மச்சாளின் போன் வந்தது. உப்பைப் பற்றிப் பேச்சே இல்லை.

"என்னை மினுக்கி வைச்சிருக்கிறியோ?"

"இல்லை மச்சாள். மினுக்கினால் பெறுமதி போயிடும்."

"கன்னத்திலை கறுத்துக் கிடந்துதே. புளி போட்டுத் தேய்ச்சால்..."

"இல்லை மச்சாள்."

"கொஞ்சம் பவுடராவது?"

"இல்லை மச்சாள்."

ஒரே போனில் மூன்று தரம். துவாயை விரிக்காமலே போய்த் தேத்தண்ணி போட்டேன்.