மண் பூசிய பொந்து

மணி பத்தாகியும் ஆண் பறவை வரவில்லை.

காலை ஏழு மணிக்கே மலையேறிவிட்டோம். ஏறினோம் என்று பெருமையாகச் சொல்கிறேன். பாதித் தூரம் வேனில், மீதித் தூரம் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு. மெர்போக்குக்கு மேலே மலைக்காட்டில் ஒரு பகுதியை அடிவாரக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, மக்களே பொறுப்பெடுத்துக் காத்து வருகிறார்கள். மரம் வெட்ட விடுவதில்லை, எதையும் சுட விடுவதில்லை. பறவை பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். என் மகள் ஆசிரியை. அவளோடு வேலை செய்கிற ஆறு பேர் வந்திருந்தார்கள். எல்லார் கழுத்திலும் தூரக்கண்ணாடி. எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். எந்தப் பக்கம் கண்ணை வைப்பது என்று கேட்க வெட்கமாக இருந்ததால் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

வழிகாட்டியவள் ஒரு கம்பத்துப் பெண். மூன்று கால் வைத்த பெரிய கண்ணாடியை ஒரு மரத்தைப் பார்த்து நிறுத்தி, "தெங்கோக், மக்சிக்", பாருங்கள் பெரியம்மா, என்று மலாயில் என்னைத்தான் முதலில் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். மரத்தில் ஒரு பொந்து. வாயை மண் பூசி அடைத்திருந்தது. நடுவில் ஒரு கீறல். கீறலுக்குள் ஓர் அலகின் நுனி.

அது எங்காங் பறவை. தமிழில் இருவாட்சி என்று மகள் சொன்னாள். நான் வளர்ந்த தோட்டத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை, எங்காங்தான். முட்டையிடும் காலத்தில் பெண் பறவை பொந்துக்குள் போய்த் தன்னை அடைத்துக்கொள்ளும், ஆண் பறவை வெளியிலிருந்து பழம் கொண்டுவந்து ஊட்டும் என்று அந்தப் பெண் விளக்கினாள். எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். நானும் முதல் தடவையாகக் கேட்கிறவள் போலத் தலையாட்டினேன். பிறகு அவள் தன் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நேற்று மத்தியானத்திலிருந்து ஆண் பறவை வரவே இல்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

நான் அங்கிருந்த கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். முட்டிவலி என்று மகள் நினைத்தாள்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. இதே மலையின் அடிவாரத்தில், கித்தா தோட்டத்து, அதாவது ரப்பர் தோட்டத்து, லயத்தில் எங்கள் வீடு. அம்மா தம்பியைப் பெற்றெடுத்திருந்தாள். பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள அப்பாவின் அக்கா, என் அத்தை, வந்து இறங்கினாள். வந்த அன்றே அம்மா படுத்திருந்த அறையின் சன்னலைச் சாத்தி, இடுக்குகளில் பழைய சேலையைக் கிழித்து அடைத்தாள். பச்சை உடம்பில் காற்றுப் படக்கூடாது. பதினாறு நாள் வரைக்கும் அம்மா வாசற்படியைத் தாண்டக்கூடாது. அப்பா உள்ளே போகக்கூடாது. நான் கதவோரம் வரை போய் வெந்நீர்ச் செம்பை வைக்கலாம்.

அந்த நாட்களில்தான் அப்பா எனக்கு மரத்தைக் காட்டினார். பால் வெட்டு முடிந்து வந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு கடைசி மர நிரையையும் தாண்டிக் காட்டு ஓரத்துக்குப் போவார். அங்கே சரிவில் ஒரு பழைய மரம் நின்றது. மேட்டில் நின்றால் பொந்து நம் கண்ணுக்கு நேரே இருக்கும். பெரிய சிறகை அடித்து அடித்து ஆண் பறவை வரும். தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாக எடுத்துக் கீறலுக்குள் கொடுக்கும்.

"ஏன்பா அத அடைச்சு வெச்சிருக்கு?"

"அடைச்சு வெச்சாத்தாம்மா பத்திரம். பாம்பு போவாது, கொரங்கு போவாது. ஒங்கம்மாவ அத்தை வெச்சிருக்குல்ல, அது மாதிரி. யார்கிட்டயும் சொல்லக்கூடாது, என்ன?"

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். கதவோரம் நின்றுகொண்டு தினமும் சொல்வேன்.

"இன்னிக்கு என்னாடி கொண்டாந்துச்சு?" என்பாள் அம்மா இருட்டுக்குள்ளிருந்து.

"அத்திப்பழம்மா."

"எத்தன?"

"ஏழு."

"ஏழா! குருவிக்குத் தெரியுது. எங்கூட்டு ஆம்பளைக்கு ஒரு சுறா வாங்கியாரத் தெரியல பாரு."

வெளியே அப்பா வேண்டுமென்றே இருமுவார். அம்மா சிரிப்பாள். "பச்ச ஒடம்புக்காரி, பல்லக் காட்டாத! வயித்துல காத்து பூந்துரும்" என்று அத்தை சத்தம் போடுவாள்.

ஒன்பதாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. பத்தாம் நாள் உடம்பு தூக்கிப் போட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் கதவுக்கு வெளியிலிருந்தே பார்த்துவிட்டு, உடனே சுங்கை பட்டாணி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். அத்தை குறுக்கே நின்றாள். "பதினாறு கழியட்டும். தீட்டோட படி தாண்டுனா பச்சப் புள்ளைக்கு ஆவாதுங்க." அப்பா டிரசரையும் பார்த்தார், அத்தையையும் பார்த்தார். பிறகு, "அக்கா சொல்றாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அத்தையை நான் குறை சொல்ல மாட்டேன். தன் பிள்ளைகள் ஐந்தையும் அவள் அப்படித்தான் பெற்று எழுந்தாள்.

மறுநாள் மாமா, அம்மாவின் அண்ணன், வந்தார். தோட்டத்தில் காவல் வேலை. குரங்கு விரட்ட ஒரு துப்பாக்கி கொடுத்திருந்தார்கள். தங்கை முனகுவதைக் கேட்டுவிட்டு வாசலில் குந்தி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எங்காங் கறி நல்ல சூடு. சூப்பு வெச்சுக் குடுத்தா ஜன்னி கிட்ட நிக்காதுலா. ஆனா அது இப்ப எங்க கெடைக்குது?"

எனக்கு வாயே கிடையாது என்று லயத்தில் எல்லாரும் சொல்வார்கள். அன்றைக்குத்தான் யாரும் கேட்காமலே வாயைத் திறந்தேன்.

"எனக்குத் தெரியும் மாமா."

மாமா ஒரே வெடியில் ஆண் பறவையை வீழ்த்தினார். அதன் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு பொந்தைப் பார்த்தார். கீறலில் அலகு ஆடியது. "உள்ள இருக்குறதத் தொட வேணாம்டா கண்ணு. பாவம், புள்ள பெத்தவ" என்றார். அதை இரக்கம் என்றுதான் அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். வரும் வழியெல்லாம், மாமா நல்லவர் என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

அத்தை மிளகு தட்டிப் போட்டுச் சூப்பு வைத்தாள். அம்மா பாதிக் கிண்ணம் குடித்தாள். அன்று சாயங்காலம் அப்பா குசினிக் கால்வாயில் கறுப்பும் வெள்ளையுமாக ஓர் இறகு கிடப்பதைப் பார்த்தார். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் அங்கே இல்லை.

மறுநாள் ஒரு நீள மூங்கிலின் நுனியில் பப்பாளித் துண்டைக் கட்டி எடுத்துக்கொண்டு அப்பா காட்டு ஓரம் போனார். என்னைக் கூப்பிடவில்லை. நான் பின்னாலேயே போய் மறைந்து நின்றேன். மேட்டில் நின்று மூங்கிலை நீட்டிக் கீறலுக்கு நேரே பிடித்தார். மூங்கில் கிட்டே வந்ததும் அலகு உள்ளே போய்விட்டது. வெகுநேரம் பிடித்துக்கொண்டே நின்றார். "வாங்கிக்க, வாங்கிக்க" என்று அதனிடம் கெஞ்சினார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும்.

பதினைந்தாம் நாள் விடியற்காலை அம்மா இறந்துபோனாள். பதினாறுக்கு ஒரு நாள் குறைவு. காரியமெல்லாம் முடிந்த பிறகு அப்பா அதே மூங்கிலால் பொந்தை இடித்தார். சிமெண்டு மாதிரி இருந்தது அந்த மண். பல தடவை குத்திய பிறகுதான் உடைந்தது. உள்ளேயிருந்து வாடை வந்தது. அப்பா மூங்கிலைப் போட்டுவிட்டு மேட்டிலேயே உட்கார்ந்தார். மாமாவுக்கு மரத்தைக் காட்டியது யார் என்று அப்பா சாகும் வரை என்னைக் கேட்கவில்லை. தம்பி பிழைத்துக்கொண்டான். இப்போது பண்டார் பாருவில் பேரன் பேத்தியோடு இருக்கிறான். அவனிடம் நான் எதையும் சொன்னதில்லை.

மலையில் மணி பன்னிரண்டாகிவிட்டது. வேன்காரர் கிளம்பச் சொன்னார். மகள் கைகால் கழுவக் கீழே இருந்த கொட்டகைக்குப் போயிருந்தாள். நான் துணிந்து, எனக்குத் தெரிந்த மலாயில் அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ஆண் வராவிட்டால் அது தானாகவே உடைத்துக்கொண்டு வெளியே வராதா?

"உடம்பில் தெம்பு இருக்கும்போதே உடைத்தால் வரலாம், மக்சிக். ஆனால் உள்ளே போனதும் இறகெல்லாம் உதிர்த்துவிடும். பறக்க முடியாது. சிலது கடைசி வரைக்கும் காத்துக்கொண்டேதான் இருக்கும்" என்றாள்.

மகள் மூச்சு வாங்க ஏறி வந்தாள். "வந்துச்சாம்மா?"

"வந்துச்சு" என்றேன்.

"ஐயோ, பாக்காமப் போயிட்டேனே! என்ன கொண்டாந்துச்சு?"

"அத்திப்பழம்."

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

மாமா சுட்டதற்குப் பிறகும் அம்மா என்னைக் கேட்பதை நிறுத்தவில்லை. நானும் சொல்வதை நிறுத்தவில்லை. வந்துச்சும்மா, எட்டுப் பழம். வந்துச்சும்மா, ஒன்பது. கடைசி நாள் அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது.

"வந்துச்சாடி?"

"வந்துச்சும்மா."

"எத்தன?"

"பதினொன்னு."

தூங்கிவிட்டாள் என்று நினைத்துச் செம்பை எடுத்தேன்.

"வராட்டியும் வந்துச்சுன்னே சொல்லு, என்ன? கேக்க நல்லாருக்கு."

"சரிம்மா" என்றேன். நான் சொன்னதையெல்லாம் அம்மா நம்பிவிட்டாள், மாட்டிக்கொள்ளவில்லை என்று எனக்கு ஒரே சந்தோசம். நாளைக்குப் பன்னிரண்டு என்று சொல்லலாமா, அது ரொம்ப அதிகமாகிவிடுமா என்று யோசித்துக்கொண்டே செம்பைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன்.